ரோஜாச் செடியில் காய்த்த வடை

என் மூத்த மகளைத் தலைப்பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, பக்கத்துக் கட்டில் பெண்ணுக்குத் துணையாக வந்திருந்த மரகதவல்லி அம்மாதான் இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னார். நான் "முருகா, முருகா" என்று உட்கார்ந்திருந்தேன். என்னையே சிரிக்க வைத்துவிட்டார்.

மருதங்காவு என்று ஒரு சீமை. அதற்கு ராஜா கோதண்டபூபதி. தங்கமான மனசுதான். ஆனால் யார் எது சொன்னாலும் நம்பிவிடுவார். அவருக்கு வடக்கேயிருந்து யாரோ ரோஜாச் செடிகள் அனுப்பி வைத்தார்கள். அன்று முதல் அவருக்கு அந்தச் செடிகளே பிள்ளைகள்.

"வெயில் பட்டா வாடிடும். மேலே பந்தல் போடுங்க" என்றார். போட்டார்கள். "வெறும் தண்ணி எதுக்கு? பசும்பால் ஊத்துங்க" என்றார். ஊற்றினார்கள். "என் செடிமேல கத்தி வெச்சவன் கையை எடுத்துடுவேன்" என்றார். எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

தோட்டக்காரி வீராயி மட்டும் வாய் திறந்தாள். "மகாராஜா, வெயிலும் வேணுமுங்க, கவாத்தும் பண்ணணுமுங்க. பழைய கிளையை வெட்டினாத்தானே புதுத் துளிர் வந்து மொட்டு வைக்கும்?"

"உன் பிள்ளை கையை வெட்டுவியா நீ?" என்றார் ராஜா.

செடிகள் வளர்ந்தன. பந்தலை முட்டிக்கொண்டு வளர்ந்தன. எங்கு பார்த்தாலும் இலை. மொட்டு? மருந்துக்கும் இல்லை.

அம்மன் தேர்த் திருவிழா நெருங்கியது. "என் தோட்டத்து ரோஜாவிலேதான் அம்மனுக்கு மாலை" என்று ராஜா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். பூவைக் காணோம். கோபம் யார்மேல் வரும்? வீராயி மேல்தான்.

இந்த நேரம் பார்த்து அமைச்சர் அனந்தகோபர் வந்து நின்றார். அரண்மனைக் களஞ்சியத்தில் அவர் மருமகன், குதிரை லாயத்தில் அவர் தம்பி, மடைப்பள்ளியில் அவர் சித்தப்பா மகன். மச்சினன் பட்டாபி மட்டும்தான் இன்னும் சும்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"தோட்டத்தைப் பட்டாபிகிட்டே விடுங்க, மகாராஜா. விடிஞ்சா பூ!" என்றார்.

விடிந்தது. பந்தலுக்குள் கொத்துக் கொத்தாக ரோஜா!

ராஜா ஓடினார். "கிட்டே போகாதீங்க, மகாராஜா! மூச்சுக்காத்து பட்டாலே வாடிடும்" என்று அமைச்சர் தடுத்தார். ராஜா தள்ளி நின்றே கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு வீராயி பக்கம் திரும்பினார். "சாயங்காலம் ராணியை அழைச்சிட்டு வரேன். அதுக்குள்ளே தோட்டத்து வீட்டைக் காலி பண்ணிட்டு, சீமையை விட்டே போயிடு."

புருஷன் இல்லாதவள். அந்தக் குடிசையை விட்டால் போக்கிடம் இல்லாதவள். நேரே சிற்றம்பலம் வீட்டுக்கு ஓடினாள். அவர் ராஜசபையில் ஒருவர். வாய் சும்மா இருக்காது. ராஜாவுக்கும் அவர் பேச்சைக் கேட்காமல் பொழுது போகாது.

"சாமி, அத்தனையும் சந்தையில வாங்கின பூவுங்க. வாழைநாரிலே கட்டி விட்டிருக்கான். நீங்க வந்து சொல்லுங்க!"

"நான் சொன்னா வயிற்றெரிச்சல்னு சொல்லுவாங்க, தாயி. இதை அமைச்சர் வாயாலேயே சொல்ல வைக்கணும். உன்கிட்ட வாழைநார் இருக்கா?"

வாங்கிக்கொண்டார். அடுப்படியைப் பார்த்து, "அடியே, உளுந்து ஊறப்போடு" என்றார்.

சாயங்காலம் ராணி வந்தார். சபையே பின்னால் வந்தது. முன்னால் போன சிற்றம்பலம் திடீரென்று தரையில் விழுந்து கும்பிட்டார்.

"மகாராஜா! பட்டாபி கைராசியே கைராசி! செடி காய்ச்சிருக்கு!"

"ரோஜா காய்க்குமா? என்ன காய்?"

"உளுந்து வடை, மகாராஜா."

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ரோஜாக்களுக்கு நடுவே பொன்னிறமாக ஒரு வடை தொங்கியது. ராணி மோந்து பார்த்து, "மிளகு போட்ட வடை" என்றார்.

அமைச்சருக்கு முகம் சிவந்தது. "ஏமாத்து வேலை, மகாராஜா! செடியிலே வடை காய்க்குமா?"

"ஏன் காய்க்காது? இத்தனை நாளா மொட்டே வைக்காத செடி, ஒரே விடியலிலே மலர்ந்த பூவா நிக்குதே! அதை நம்பினவங்க இதை நம்பக் கூடாதா?"

"அட, நல்லாப் பாருங்க, மகாராஜா! வடை ஓட்டையிலே வாழைநாரை விட்டுக் கட்டியிருக்கான்! இதோ முடிச்சு!"

"அடடா, அமைச்சருக்கு என்ன கூர்மையான கண்ணு!" என்றார் சிற்றம்பலம். "அதே கண்ணாலே பக்கத்துப் பூவையும் கொஞ்சம் பாருங்களேன்."

ராஜா பூவைப் பிடித்து இழுத்தார். நாரோடு கையில் வந்தது. இன்னொன்றை இழுத்தார். அதுவும் நாரோடு வந்தது. பட்டாபி மென்று விழுங்கினான். "காத்துலே விழுந்துடுமேன்னு... ஒரு பிடிப்புக்கு..."

ராஜாவுக்குக் கோபத்தைவிடத் துக்கம்தான் பெரிதாக வந்தது. "பாலா ஊத்தினேனே, சிற்றம்பலம்! வெயில் படாம வெச்சேன். கத்தி படாம காத்தேன். ஏன் பூக்கலே?"

சிற்றம்பலம் அமைச்சரையும் அவர் பின்னால் வரிசையாக நின்ற உறவுக்கூட்டத்தையும் ஒரு பார்வை பார்த்தார்.

"இவங்களையும் அப்படித்தானே வளர்த்தீங்க, மகாராஜா? பாலும் சோறும் போட்டு, நிழலிலே வெச்சு, ஒரு வார்த்தை கண்டிக்காம. எல்லாரும் தளதளன்னுதான் இருக்காங்க. ஒருத்தராவது பூத்தாங்களா?"

முதலில் ராணிதான் களுக்கென்று சிரித்தார். பிறகு ராஜா சிரித்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர.

"வீராயி, நீ எங்கேயும் போக வேண்டாம். கத்தியை எடு! சிற்றம்பலம், எங்கேயிருந்து வெட்ட ஆரம்பிக்கலாம்?"

"செடியை வீராயி பார்த்துக்குவா, மகாராஜா. சபையை நீங்க பாருங்க."

ராஜா தம் கைக்கடகத்தைக் கழற்றி அவருக்குப் போட்டார். அந்த வாரமே அமைச்சர் வீட்டு வண்டிகள் மூட்டை முடிச்சுகளோடு ஊர் எல்லையைத் தாண்டின. அந்தத் தேருக்கு அம்மனுக்கு அரளி மாலைதான். அவள் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. தை பிறந்ததும் தோட்டம் முழுக்கப் பூ.

உங்கள் வீட்டு ரோஜாவைக் கவாத்துப் பண்ணினால், வெட்டிய குச்சிகளைக் குப்பையில் போடாதீர்கள். எனக்கு ஒன்று கொடுத்தனுப்புங்கள், நட்டுக்கொள்கிறேன்.