கத்தரிக்காய்க் கூடையில் வந்த வம்சம்

நடுவில் ஓர் ஆறு ஓடிய புண்ணியத்தால் எந்த விஷயத்திலும் இரண்டு கருத்தோடு வாழ்ந்த மருதங்கோட்டைச் சீமையை, பல காலத்துக்கு முன்பு, கோலாகல பூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். காலையில் ஒரு ஆசை வந்தால் மாலைக்குள் அது சட்டமாகிவிடும், அவ்வளவுதான் குறை.

ஒருநாள் பக்கத்து நாட்டு ராஜா தன் வம்சாவளியை எழுதி அனுப்பினார். சந்திரனில் தொடங்கி அறுபத்து நான்கு தலைமுறை! நம் ராஜாவின் வம்சாவளியோ தாத்தாவோடு நின்றுபோயிருந்தது. தாத்தா ஆதிபூபதி ஒரு பரிசலில் கிடைத்த குழந்தை. அக்கரையில் ஆட்கள் எல்லாரும் இறங்கிப் போன பிறகு, கத்தரிக்காய்க் கூடை ஒன்று அழுதிருக்கிறது. பரிசல்காரர் அதைத் திறந்து பார்த்து, வீட்டுக்கு எடுத்துப்போய் வளர்த்தார். வளர்ந்த பிள்ளை வாளெடுத்து நாட்டைப் பிடித்தது. பெற்றவர்கள் யாரென்று ஒருவருக்கும் தெரியாது.

"இதற்கா கவலை மன்னா? சூரியனுக்கும் ஆற்றுக்கும் பிறந்தவர் என்று நூறு பாட்டில் பாடிவிடுகிறேன்" என்றார் அரண்மனைப் புலவர் பிரசண்டக் கவிராயர். அவருக்கு அப்போது தலைகால் புரியாத காலம். அவர் மகனுக்கும் இளவரசி பூங்கோதைக்கும் போன மாதம்தான் தாம்பூலம் மாற்றியிருந்தார்கள்.

அமைச்சர் நல்லாண்டார் சிரித்துவிட்டார். அடக்கத்தான் பார்த்தார், முடியவில்லை.

கவிராயரின் முகம் சுண்டியது. "சிரிக்கத் தெரிந்தவர் கண்டுபிடித்துக் காட்டட்டுமே!"

"சரியான பேச்சு!" என்றார் ராஜா. "அமைச்சரே, ஒரு மண்டலம் தவணை. கண்டுபிடித்தால் பல்லக்கு. தவறினால் முத்திரை மோதிரத்தைக் கவிராயரிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு, குடும்பத்தோடு எல்லையைத் தாண்டிவிட வேண்டும்."

நல்லாண்டார் இரண்டு கரையிலும் வீடு வீடாக ஏறி இறங்கினார். தென்கரையில் ஒரு பெரியவர் சொன்னார்: "அன்னைக்குப் பரிசல்ல வந்தது பூரா வடகரை ஆளுகதான்னு எங்கப்பாரு சொல்லுவாரு சாமி. ஆனா கேக்குறது ராசான்னா... அது எங்க வீட்டுப் புள்ளதானுங்க." வடகரையிலும் இதே கதைதான். பத்தே நாளில் முந்நூறு குடும்பங்கள் ராஜாவின் தாத்தாவைப் பெற்றுவிட்டன.

 நல்லாண்டார் வீட்டில் மனைவி பாத்திரங்களை மூட்டை கட்டத் தொடங்கியிருந்தாள். யோசித்து யோசித்து, கடைசியில் அவர் ஒரு தண்டோரா போடச் சொன்னார். தகப்பன் வழி உறவுக்கு ஆதாரம் காட்டி, சபையில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்பவர் ராஜவம்சத்தவர் என்று அறிவிக்கப்படுவார். ராஜாவுக்குப் பக்கத்திலேயே அவருக்கு ஆசனம்.

சூடம் என்றதும் முந்நூறு குடும்பங்களுக்கும் மறதி வந்துவிட்டது. கவிராயருக்கு மட்டும் ஆசனம் என்ற சொல்லைத் தவிர வேறெதுவும் காதில் விழவில்லை.

தவணையின் கடைசி நாள், புகையேறிக் கறுத்த ஓலை ஒன்றோடு அவர் சபைக்கு வந்தார். "மன்னா! என் கொள்ளுத்தாத்தாவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தது நாலு மாதக் குழந்தையாகப் பரிசலில் தொலைந்தது. அதுதான் தங்கள் தாத்தா! இளையவர் என் தாத்தா. அமைச்சரால் முடியாததை அடியேன் முடித்துவிட்டேன்." எரிந்த சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியமும் செய்தார்.

ராஜா ஓடிவந்து கட்டிக்கொண்டார். "அமைச்சரே, மோதிரம்!"

"தருகிறேன் மன்னா" என்று விரலைத் தடவினார் நல்லாண்டார். "போகும் முன் ஒரு வேலை பாக்கி. இளவரசியின் கல்யாணத்தை நிறுத்தச் சொல்லி ஓலை எழுத வேண்டும்."

"என்னய்யா உளறுகிறீர்?"

"தாத்தாக்கள் கூடப்பிறந்தவர்கள். ஆக, தாங்களும் கவிராயரும் பங்காளிகள். இளவரசியும் மாப்பிள்ளையும் அண்ணன் தங்கை ஆகிவிட்டார்கள். அண்ணனுக்குத் தங்கையைக் கட்டிவைத்தால் ஊர் காறித் துப்புமே!"

 கவிராயரின் வாய் திறந்தது, மூடியது, சொல் வரவில்லை. பெண்கள் அமர்ந்திருந்த திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல்தான் வந்தது: "ஏங்க, வாயில என்ன கொழுக்கட்டையா? பட்டு எடுத்தாச்சு, ஊரழைச்சாச்சு! போன வாரம் நீங்களே எழுதி நம்ம அடுப்புக்கு மேல கட்டித் தொங்கவிட்டீங்களே, அந்த ஓலைதான் அதுன்னு சொல்லித் தொலைங்க!"

கவிராயர் அப்படியே ராஜாவின் காலில் விழுந்தார். ராஜாவுக்கு வந்த கோபத்தில் மீசை நடுங்கியது. அதைவிடப் பெரிய ஏமாற்றம் பின்னாலேயே வந்தது.

"அப்படியென்றால் என் தாத்தாவைப் பெற்றவர்கள் யார்தான் நல்லாண்டாரே?"

"தெரியவில்லை மன்னா. கூடையை வைத்துவிட்டுப் போனவள் எந்தக் கரையில் இறங்கினாள், திரும்பிப் பார்த்தாளா, ஒன்றும் தெரியவில்லை. அவளை நினைத்தால் எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. எடுத்து வளர்த்தவர்கள் பெயர் மட்டும் கிடைத்தது. பரிசல்காரர் சடையன், அவர் மனைவி காத்தாயி. அந்தப் பெயர்களை இதுவரை அரண்மனையில் யாரும் கேட்டதில்லை."

 காத்தாயி, காத்தாயி என்று ராஜாவின் உதடு மட்டும் அசைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மோதிரத்தை நீரே வைத்துக்கொள்ளும். பல்லக்கும் உமக்கே" என்றார். பையன் ஓலையைத் தொட்டவனில்லை என்பதால் கல்யாணம் குறித்த நாளில் நடந்தது.

கவிராயருக்கும் தண்டனை உண்டு. தினமும் சபை கூடியதும் அவர் எழுந்து வம்சாவளி பாட வேண்டும், அதுவும் ராஜா சொன்னபடி: "ஆதிபூபதியைப் பெற்றவர் யாரெனத் தெரியவில்லை, வளர்த்தவர் சடையனும் காத்தாயியும்."

முதல் நாள் அவர் பாடி முடித்ததும் சபையே எழுந்து கைதட்டியது. அவர் இருபது வருஷமாகப் பாடியதில் உண்மை என்று இருந்தது அந்த ஒரு பாட்டுத்தான்.