தொட்டில் சேலையும் எள்ளுக்காடும்

நீலாவதியிடம் நெசவு படிக்க வந்தவர்களில் அவளைவிட மூத்தவள் தெய்வானை ஒருத்திதான். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகுதான் இவளுக்குத் தறி ஆசை பிடித்தது. குரு சிஷ்யையை அக்கா என்பாள். சிஷ்யை குருவை அம்மிணி என்பாள். மரியாதைக்கு இரண்டு பக்கமும் குறைவில்லை.

மகள் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து, மாதமும் நிறைந்திருந்தது. பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தன் கையால் நெய்த சேலையில்தான் தொட்டில் கட்டுவேன் என்று தெய்வானை ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டாள்.

சேலை பாதி வந்திருந்தபோது சித்திரையின் முதல் மழை கொட்டித் தீர்த்தது.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஈரம் காய்வதற்குள் மானாவாரிக் காட்டில் எள் விதைக்க வேண்டும். வெள்ளாடு இரட்டைக் குட்டி போட்டிருந்தது. அடைக்கோழி குஞ்சு பொரித்திருந்தது. கஷ்டம்தான் சேர்ந்தாற்போல் வரும் என்பார்கள், சந்தோஷமும் அப்படித்தான் வந்து தொலைக்கிறது. தறிக்கும் காட்டுக்கும் இறக்கை கட்டிப் பறந்தாள் தெய்வானை.

ஒரு மத்தியானம் காலெல்லாம் செம்மண்ணோடு குருவின் வாசலில் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"அம்மிணி, தறியில நீளவாட்டுல கட்டுன பாவு நூலு அறுந்து போச்சுங்க. இழை இழையாத் தொங்குது. நான் தொடக்கூட இல்லீங்க, காட்டுலதான் இருந்தேன்."

"காட்டுல என்ன பண்ணுனீங்க?"

"எள்ளு வெதைச்சேன். மனசெல்லாம் சேலை மேல. வெதையை ஒரே பக்கமா அள்ளிக் கொட்டிப்போட்டேன்."

"சரி, தறியில உக்காந்தா?"

"குட்டி பால் குடிச்சுதோ என்னமோன்னு காது ஆட்டுப்பட்டியிலயே கெடக்குதுங்க." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீங்களே ஒண்ணு சொல்லிப்போடுங்க. காடா, தறியா? எதை விடட்டும்?"

நீலாவதி எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பினாள்.

தெய்வானை வீட்டுத் தறியில் பாவு, தட்டினால் சத்தம் வரும் அளவுக்கு விறைத்து நின்றது. நடுவில் அறுந்த இழைகள் தொங்கின. குரு உட்கார்ந்து இழையை முடிவாள் என்று தெய்வானை எதிர்பார்த்தாள். அவளோ பாவு நூலை இழுத்துக் கட்டியிருந்த கயிற்றை முளையிலிருந்து அவிழ்த்துவிட்டாள். பாவு மொத்தமும் தொய்ந்து இறங்கியது.

"ஐயோ, அம்மிணி!"

"காட்டுக்குப் போறப்ப இதைத் தளர்த்துனீங்களா?"

"இல்லீங்க. ஓடியாந்ததும் உக்காந்து நெய்யலாம்னு இறுக்கியே விட்டுட்டுப் போனேன்."

"மழைக்காத்துல நூலு சுருங்குமுங்க. சுருங்க எடமில்லீன்னா அது என்ன பண்ணும்?"

தெய்வானை நாக்கைக் கடித்துக்கொண்டாள். முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம் அது.

இருவரும் அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிந்தார்கள். பிறகு நீலாவதி கயிற்றை இறுக்கிக் கட்டி, சிஷ்யையைத் தறிக்குழியில் இறக்கினாள். மிதி இறங்கியது, ஊடு நூலோடு நாடா குறுக்கே ஓடியது. புது இழை ஒட்டிச் சேர்ந்ததைப் பார்த்ததும் தெய்வானைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாய்விட்டுச் சிரித்தாள்.

"வந்துருமுங்க அம்மிணி! புள்ளைக்கு முந்திச் சேலை வந்துரும்!"

"இந்த ஓட்டத்துல நெய்தா வந்துருமுங்க."

நாடா இங்கும் அங்கும் பறந்தது. பக்கத்து அறையில் படுத்திருந்த மகள், "அம்மா, மெல்ல! தறி ஒடஞ்சிறப்போகுது" என்று கேலி செய்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பட்டியில் குட்டி கத்தியது. தெய்வானையின் கழுத்து சன்னல் பக்கம் திரும்பியது. நாடா பாதி வழியில் நின்றுவிட்டது.

"எள்ளை வேற ஒரே பக்கமாக் கொட்டிட்டு வந்துட்டேன்... இப்பவாச்சும் சொல்லுங்க அம்மிணி. காடா, தறியா?"

நீலாவதி சன்னலையும் பார்த்தாள், அவள் முகத்தையும் பார்த்தாள்.

"தறிக் கயிறு பக்கத்துல இருந்துச்சு, நான் அவுத்தேன். காட்டுல ஒரு கயித்தைக் கட்டி மனசை இங்க வரைக்கும் இழுத்துப் புடிச்சிருக்கீங்களே, அதை அவுக்க எனக்குக் கை எட்டலீங்கக்கா."