பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு

நகர்நல அலுவலர் தணிகாசலம் அன்று உட்காரவே இல்லை. ஆசிரம முற்றத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார்.

கோமதியம்மை சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். அரசு ஆஸ்பத்திரியில் பல வருடம் நர்ஸாக இருந்துவிட்டு இந்தச் சிறிய ஆசிரமத்துக்கு வந்தவர். தணிகாசலத்தைவிட ஒன்பது வயது இளையவர். ஆனாலும் அவர்தான் குரு.

"அம்மா, நான் உண்மையைத்தானே சொன்னேன்?"

"என்ன உண்மை?"

அவர் சொன்னார். ஊரில் பிள்ளைகளுக்கு உடல்பருமன் கூடிக்கொண்டே போகிறது. நகராட்சிப் பள்ளியில் எடை பார்க்கும் முகாம் நடத்தினார். மனதில் உறைக்கட்டும் என்று ஒவ்வொரு பிள்ளையின் எடையையும் மைக்கில் வாசிக்கச் சொன்னார். ஆறாம் வகுப்பு பொன்மலர், அறுபத்திரண்டு கிலோ. பள்ளிக்கூடமே சிரித்தது. மறுநாளிலிருந்து அந்தப் பிள்ளை மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. நான்காம் நாள் காலைப் பிரேயரில் மயங்கி விழுந்தாள்.

"அவ அம்மா இன்னைக்கு ஆபீசுக்கு வந்தாங்க. திட்டுவாங்கன்னு நினைச்சேன். திட்டல."

"என்ன சொன்னாங்க?"

"'என் பிள்ளைக்குப் பசிக்குது சார். பசிக்குதுன்னு சொல்லத்தான் வெக்கப்படுது'ன்னாங்க. அவ்வளவுதான். போயிட்டாங்க."

கோமதியம்மையின் கை சுவரிலேயே நின்றது.

"அந்தப் பிள்ளை வீடு பள்ளிக்கூடத்திலேர்ந்து எவ்வளவு தூரம்?"

"ஒண்ணரை கிலோமீட்டர் இருக்கும்."

"நடந்திருக்கீங்களா?"

"எனக்குத் தெரியாத ரோடாம்மா? தினமும் அந்த வழியாத்தான் போறேன்."

"உங்க ஜீப்புக்குத் தெரியும். நாளைக்கு ஸ்கூல் விட்டதும் நடந்து போங்க. கண்ணுல பட்டதை வந்து சொல்லுங்க."

தணிகாசலத்துக்கு எரிச்சல் வந்தது. கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று. இருந்தாலும் போனார்.

மறுநாள் மாலை திரும்பி வந்தபோது ஒரு காலில் செருப்பில்லை.

"சாக்கடையில போச்சு. மேல போட்ட பலகைக்கல்லு பாதி இல்ல. ஓரமா நடக்க இடமே இல்லம்மா, லாரி உரசிக்கிட்டுப் போகுது. ஒரு பிள்ளைகூட நடந்து வரல. எல்லாம் ஷேர் ஆட்டோ."

"வேற?"

"ஸ்கூல் வாசல்ல ஏழு கடை. ஏழுலயும் கலர் தண்ணி, பொரிச்ச பாக்கெட்."

"எதுக்குக் கலர் தண்ணி வாங்குறாங்க பிள்ளைங்க?"

"தாகத்துக்கு." அவர் தயங்கினார். "உள்ள குழாய்ல தண்ணி வரல. மூணு மாசமா வரலையாம்."

"வேற?"

தணிகாசலம் மீண்டும் நடக்கத் தொடங்கினார். சுவர் வரை போய்த் திரும்பினார்.

"வழியில ஒரு மைதானம் இருக்கு. பூட்டிக் கிடக்கு. உள்ள உடைஞ்ச குப்பை வண்டி, பிளீச்சிங் பவுடர் டிரம்மு. அத்தனையும் என் டிபார்ட்மெண்ட் சாமான்."

"இதுல பொன்மலர் செஞ்சது எது?"

அவர் செருப்பில்லாத காலைக் குனிந்து பார்த்தார்.

"உங்களால ஆகுறது எது?"

"கடைக்கு அனுமதி கொடுத்தது நான்தான். மைதானம், குழாய்... பார்க்கலாம். ரோடு என் கையில இல்ல. அது இன்ஜினியர் செக்‌ஷன்."

"அந்த செக்‌ஷன் எங்க இருக்கு?"

"எங்க ஆபீசுக்கு மேல் மாடியில."

"படிக்கட்டு இருக்கா?"

தணிகாசலம் குருவைப் பார்த்தார். கோமதியம்மை சிரிக்கவில்லை.

"சரிம்மா. முதல்ல நாளைக்குப் பிரேயர்ல அந்தப் பிள்ளைகிட்ட மன்னிப்புக் கேட்டுடறேன். மைக்குலயே."

"அவ பேரு இன்னொரு தடவை மைக்குல வரணுமா?"

அப்போதுதான் அவர் கீழே உட்கார்ந்தார்.

அடுத்த இரண்டு மாதம் அவருக்கு ஓய்வில்லை. மாடிப்படி ஏறினார். பதினோரு நாள் ஏறியபிறகுதான் பொறியாளர் நிமிர்ந்து பார்த்தார். சாக்கடைக்குப் பாதித் தூரம் புதுக் கல் வந்தது, மீதிக்கு வரவில்லை. குழாயில் தண்ணீர் வந்தது. கலர் தண்ணீர் விற்கக்கூடாது என்றதும் கடைக்காரர்கள் திரண்டு வந்து ஆபீஸ் வாசலில் நின்றார்கள். அவர்களோடு ஒரு நாள் முழுக்கப் பேசினார். மூன்று கடைகள் சுண்டலுக்கும் வேர்க்கடலைக்கும் மாறின. மற்றவை மாறவில்லை. அவரும் விடவில்லை, தினமும் போய் நின்றார். மைதானத்துக் குப்பை வண்டிகளைத் தன் கண்ணெதிரிலேயே ஏற்றி அனுப்பினார்.

பொன்மலர் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தே போனார். அவள் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவர் மன்னிப்புக் கேட்டார். அவள் இன்னும் பின்னால் நகர்ந்தாள். இப்போது கொஞ்சம் சாப்பிடுகிறாள் என்று அம்மாதான் சொன்னாள்.

அதன்பின் ஒரு மாலை தணிகாசலம் ஆசிரமத்துக்கு வந்தார். அன்றும் உட்காரவில்லை.

"மைதானத்துக்கு நாற்பது பிள்ளைங்க வர்றாங்கம்மா. ஓடுறாங்க, விழறாங்க, சண்டை போடறாங்க. அவ மட்டும் வரல. தினமும் போய்ப் பார்க்குறேன். மனசு ஆற மாட்டேங்குது. நான் என்ன சொல்லி அவளைக் கூப்பிடறது?"

"மைதானத்தை எத்தனை மணிக்குப் பூட்டுறாங்க?"

"ஆறு மணிக்கு. நான்தான் போர்டு எழுதி வெச்சேன்."

"அவ அம்மா வேலை முடிஞ்சு எத்தனை மணிக்கு வருவாங்க?"

"பனியன் கம்பெனிம்மா. வர ஏழு மணி ஆயிடும். அதுவரைக்கும் பிள்ளை வாசல்படி தாண்டக்கூடாதுன்னு..."

"ஆறு மணி" என்று தனக்கே ஒரு தடவை சொல்லிக்கொண்டார்.

கோமதியம்மை சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"மணி அஞ்சே முக்கால். பூட்டுறதுக்குள்ள போங்க."