வாலைக் கட்டிய குரங்கு

ஒரு காடு இருந்தது. அதில் இலை கிடையாது, காற்று கிடையாது. பிள்ளைகளே, அது கடலுக்கு அடியில் இருந்த பவளக் காடு.

கரையில் இருந்த குரங்கு ஒன்றுக்கு அந்தக் காட்டைப் பார்த்தே தீர வேண்டும் என்று ஆசை. அதற்குச் சந்தோஷம் வந்தால் வால் தானாக நிமிர்ந்துவிடும். பொறுமை என்பது துளியும் கிடையாது.

தண்ணீருக்குள் குரங்கு எப்படி மூச்சுவிடும் என்றுதானே கேட்கப் போகிறீர்கள்? சொல்கிறேன். டீக்கடைகளில் பிஸ்கட் போட்டு வைப்பார்களே, அந்த மாதிரிக் கண்ணாடி ஜாடி ஒன்று கரை ஒதுங்கியிருந்தது. அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டது. மிதக்காமல் இருக்க இடுப்பில் ஒரு கல். சவாரிக்கு ஆமை.

ஆமையோ, சொன்ன சொல் மாறாதது. புறப்படும்போதே கறாராகச் சொல்லிவிட்டது: "தம்பி, உன் கை ரெண்டும் ஜாடியைப் பிடித்திருக்கும். நீ பேசினால் எனக்குக் கேட்காது. மூச்சு முட்டினால் வாலைத் தூக்கு. உடனே மேலே கொண்டுவந்துவிடுவேன்."

"சரி அக்கா, சரி, கிளம்பு" என்றது குரங்கு.

இறங்கினார்கள். சத்தமெல்லாம் மேலேயே நின்றுவிட்டது. சலித்த மாவு போல வெளிச்சம் மெல்ல உதிர்ந்துகொண்டிருந்தது. மான்கொம்பு போன்ற பவளக் கிளைகளில், பறவைகள் அடைவதுபோல மஞ்சள் மீன்கள் அடைந்திருந்தன. குரங்குக்குத் தான் தூங்குகிறோமா, விழித்திருக்கிறோமா என்றே தெரியவில்லை. வால் ஜம்மென்று நிமிர்ந்தது.

அவ்வளவுதான். ஆமை திரும்பி நேரே மேலே வந்துவிட்டது.

குரங்கு சிடுசிடுத்தது. மறுபடி இறங்கினார்கள். விசிறி போன்ற ஊதாப் பவளங்கள் அசைந்தன. வால் நிமிர்ந்தது. மறுபடி மேலே. பொழுதோ சாய்ந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரே ஒரு தடவைதான் என்று ஆமை சொல்லிவிட்டது.

இந்த வாலால்தானே எல்லாத் தொல்லையும் என்று குரங்கு நினைத்தது. ஆமை அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, கையில் கிடைத்த கடற்பாசியை முறுக்கி, வாலை இடுப்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டது.

இந்தத் தடவை ஆமை நிற்கவே இல்லை. பவளக் காட்டின் நடுவுக்கே போனது. அங்கே நீலம் இன்னும் ஆழமாக, இன்னும் அமைதியாக இருந்தது. இப்படியே இங்கேயே இருந்துவிடலாம் என்று குரங்குக்குத் தோன்றியது.

அப்போதுதான் ஜாடிக்குள் மூச்சு முட்டியது.

வாலைத் தூக்கப் பார்த்தது. அசையவில்லை. அவிழ்க்க ஒரு கையை எடுத்தது. ஜாடி சாய்ந்து, இருந்த காற்றிலும் பாதி குமிழியாகப் போய்விட்டது. கத்தியது. கண்ணாடிதான் அதிர்ந்தது. காலால் ஆமையின் முதுகில் உதைத்தது. ஆமை திரும்பி வாலைப் பார்த்தது. வால் சும்மா கிடந்தது. சரி, நன்றாகத்தான் இருக்கிறான் என்று மேலும் உள்ளே போனது.

குரங்கின் கண் இருண்டுகொண்டு வந்தது. அந்த நேரத்தில் பசியோடு வந்த கிளிமீன் ஒன்று, இடுப்பில் பாசியைக் கண்டது. கறுக், கறுக் என்று கடித்துத் தின்றது.

முடிச்சு விட்டது. வால் விருட்டென்று நிமிர்ந்தது.

ஆமை திரும்பியது.

கரையில் கிடந்து மூச்சு வாங்கி முடித்ததும் குரங்கு கேட்டது: "அத்தனை உதை உதைத்தேனே, உறைக்கவே இல்லையா அக்கா?"

"குஷியில் தாளம் போடுகிறாய் என்று நினைத்தேன். நான் பார்த்தது உன் வாலைத்தான். அது ஒன்றுமே சொல்லவில்லையே, தம்பி."

குரங்கு வாலில் ஒட்டியிருந்த பாசித் துணுக்கை எடுத்துக் கடலில் போட்டது.

நீதி: ஆபத்தில் கூப்பிட இருக்கும் வழியை, தொல்லை என்று நீயே கட்டிப் போடாதே.