கொட்டாங்குச்சியில் மண்புழு

அந்த ஆசிரமப் பள்ளியில் காலைப் பிரார்த்தனை முடிந்ததும் முதல் வேலை தோட்டம். எந்த உயிரையும் வருத்த மாட்டோம் என்பது பிரார்த்தனையின் கடைசி வரி. அதைச் சொல்லிவிட்டுப் பிள்ளைகள் மண்வெட்டியை எடுப்பார்கள். பல வருஷமாக இது யாரையும் உறுத்தவில்லை.

நான்காம் வகுப்புக்கு வைத்தியலிங்கம் மண்புழுப் பாடம் நடத்திய பிறகுதான் உறுத்தியது. அவர் சுவாமிகளின் சீடர், நாற்பதைத் தாண்டியவர். பாடத்தை மனசு வைத்து நடத்தினார். மறுநாள் கீரைப் பாத்தியைக் கொத்தச் சொன்னபோது ஒரு பிள்ளையும் மண்வெட்டியைத் தொடவில்லை. புழு வெட்டுப்படுமே, பிரார்த்தனையில் என்ன சொன்னோம் என்று பவளக்கொடி கேட்டாள். மற்றவர்கள் அவள் பின்னால் போய் நின்றுகொண்டார்கள்.

வெயில் ஏறுவதற்குள் வேலை முடிய வேண்டும். வெட்டுப்பட்டால் புழு சாகாது, ஒன்று இரண்டாகிவிடும் என்றார் வைத்தியலிங்கம். பிள்ளைகள் சமாதானமாகி மண்வெட்டியை எடுத்தார்கள். பாத்தியும் முடிந்தது.

அடுத்த வாரம் பவளக்கொடி ஒரு கொட்டாங்குச்சியோடு வந்தாள். உள்ளே ஈரமண் இருந்தது. மேலே வாழையிலைத் துண்டு. பாத்திக்கு இன்னும் நிறையப் புழு இருந்தால் கீரை தழைக்கும் என்று யோசித்திருக்கிறாள். கிடைத்த புழுக்களையெல்லாம் பொறுக்கி, பென்சில் சீவும் பிளேடால் பாதி பாதியாக நறுக்கிப் போட்டிருக்கிறாள்.

"இன்னும் வளரலை சார். எத்தனை நாளாகும்?"

இலையைத் தூக்கியதுமே நாற்றம் அடித்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்று அவர் கொட்டாங்குச்சியை வாங்கி வைத்துக்கொண்டார். அவள் துள்ளிக்கொண்டு போனாள். அவர் சொன்ன எதையும் அந்த வகுப்பு அதுவரை மறுத்துக் கேட்டதில்லை. அந்த நம்பிக்கையை இழக்க அவருக்கு மனசில்லை.

மாலையில் எருக்குழியைக் கிளறி, திடமான புழுக்களாகப் பார்த்துச் சேம்பிலையில் எடுத்துக்கொண்டு சுவாமிகளிடம் போனார். சுவாமிகள் கிழிந்த கோணி ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார். நடந்ததை வைத்தியலிங்கம் ஒளிக்காமல் சொன்னார். செத்ததைக் கொட்டிவிட்டு இவற்றை வைத்துவிட்டால் குழந்தை மனசு நோகாது என்பது அவர் யோசனை. சுவாமிகளின் உத்தரவு வேண்டும்.

"வச்சிடு. காலையில பார்த்து சந்தோஷப்படுவா. அப்புறம் என்ன செய்வா?"

வைத்தியலிங்கத்துக்கு அந்த பிளேடு ஞாபகம் வந்தது. வகுப்பில் எல்லோரிடமும் ஒன்று உண்டு.

"ரெண்டாகும்னு உனக்கு யார் சொன்னது?"

"எங்க வாத்தியார், சுவாமி."

"அவர் பார்த்தாரா?"

"கேட்கலை."

சுவாமிகள் சேம்பிலையை வாங்கி, எழுந்து போய் வாழையடி ஈரத்தில் கவிழ்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"இனிமே அவ என்னை நம்ப மாட்டா, சுவாமி."

"ஊசியில சணலைக் கோத்துக் கொடு. எனக்குக் கண் தெரியலை."

மறுநாள் தோட்டத்தில் எல்லார் முன்னாலும் வைத்தியலிங்கம் சொல்லிவிட்டார். புழுவை வெட்டினால் இரண்டாகாது, கொட்டாங்குச்சியில் இருந்தவை செத்துவிட்டன, தான் சொன்னது தப்பு. பவளக்கொடி அழவில்லை. அழுதிருந்தால் சமாதானப்படுத்தியிருப்பார். அன்றைக்கு மண்வெட்டியில் பட்டவை என்னாயிற்று என்று கேட்டாள். அவையும் செத்திருக்கும் என்றார்.

"தெரிஞ்சுதான் அப்படிச் சொன்னீங்களா?"

"தெரியாமத்தாம்மா."

"அப்ப தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே சார்."

பின்னால் ஒருவன் களுக்கென்று சிரித்தான்.

கொஞ்ச நேரத்தில் வைத்தியலிங்கம் சுவாமிகள் முன்னால் வந்து நின்றார். கோணி தைத்து முடிந்து, மடித்து வைத்திருந்தது.

"நான் பயந்த மாதிரியே ஆயிடுச்சு, சுவாமி. பேச்சை மாத்தலாம்னு, புழுவுக்குக் கண்ணே கிடையாதுன்னேன். அதை நாங்க பார்த்துக்கறோம் சார்னுட்டா. அத்தனை பேரும் பாத்தி ஓரமா குப்புறப் படுத்துட்டாங்க. மண்வெட்டியைத் தூரப் போட்டுட்டு, விரலால மண்ணைத் தள்ளித் தள்ளிப் பார்க்கறாங்க. நான் வாயைத் திறந்தா, இருங்க சார்ங்கறாங்க."

"கண் இருக்கா, இல்லையா?"

"இல்லைன்னு படிச்சிருக்கேன்."

சுவாமிகள் கோணியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"அப்ப இங்கே என்ன பண்றே? இதை விரிச்சுப் படு. மண்ணு ஈரமா இருக்கும்."