கோபத்தில் வெடிக்காத துப்பாக்கி

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரமே வராதவனுக்குப் புத்தி எப்படி என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. கதையைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

கடல்மேல் மிதக்கும் கனமோரி நகரத்தில் சிசுரு என்றொருத்தி துப்பாக்கிகளை வடிவமைத்து வந்தாள். துறைமுக வாசலில் வரிசையை மீறிய அவள் தம்பியை ஒரு காவலன் கோபத்தில் சுட்டுவிட்டான். அடுத்த நொடியே தலையில் அடித்துக்கொண்டு அழுதான். போன உயிர் திரும்புமா?

ஆறு வருடம் உழைத்துப் புதுத் துப்பாக்கி ஒன்றைச் செய்தாள். அதன் கைப்பிடிக்குள் ஒரு மந்திரத் தாள் இருந்தது. பிடித்தவனுக்குக் கோபம் ஏறினால் தாள் சிவந்து விசையைப் பூட்டிவிடும். கோபம் தணிந்தால்தான் திறக்கும். கோபமில்லாமல் பாவமறியாதவரை யார் சுடப்போகிறார்கள் என்று அவள் மனதார நம்பினாள்.

அந்த ஊரில் ஒரு பொல்லாத வழக்கம். துப்பாக்கியை வடிவமைத்தவரே சோதனையில் குறியாக நிற்க வேண்டும். தோட்டாவை நகரத் தலைவர் போடுவார். சுட மனமில்லாத காவலன் துப்பாக்கியைக் கீழே வைத்துவிடலாம், தண்டனை கிடையாது. சோதனை முடிந்ததும் துப்பாக்கியை யாருக்குத் தருவது என்பது வடிவமைத்தவரின் உரிமை.

அதே துறைமுக வாசலில் நிற்கும் மூன்று காவலர்கள் வந்தார்கள். சிசுரு சுவரோரம் போய் நின்றாள்.

முதலில் ஒரிதோ, மூக்கின்மேல் கோபம் உள்ளவன். பிடியைச் சரியாகப் பிடிக்கும்படி அவள் சொன்னதுதான் தாமதம், முகம் சிவந்து அவள் நெஞ்சைக் குறிவைத்து மூன்று முறை விசையை இழுத்தான். பூட்டு அசையவில்லை. பிறகுதான் தான் செய்தது உறைத்து, அவளை நிமிர்ந்து பார்க்க முடியாமல் நின்றான்.

அடுத்தவன் மினாசே. அவளை ஒருமுறை பார்த்தான். "என்னால முடியாதுங்க" என்று துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டான்.

மூன்றாமவன் கூசே. தாள் வெள்ளையாகவே இருந்தது. கை நடுங்கவில்லை, கண் சிமிட்டவில்லை. சுட்டான்.

சிசுரு நெஞ்சைத் தடவிப் பார்த்தாள். ரத்தம் இல்லை. தலைவர் போட்டது வெற்றுத் தோட்டா. அது கூசேவுக்குத் தெரியாது. அவன் துப்பாக்கியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நான் சாப்பிடப் போகலாமா?" என்று கேட்டான்.

வெடித்த கைக்கே கொடு என்றார் தலைவர். நல்லவன் கைக்குக் கொடு என்றது கூட்டம். இருப்பதோ ஒரே துப்பாக்கி. மற்ற இருவரும் பழைய துப்பாக்கியோடு நாளைக்கும் அதே வாசலில் நிற்பார்கள். சிசுரு அதை யாரிடம் கொடுப்பது சரி?

விடை: ஒரிதோவிடம். மினாசேயின் கைக்குப் பூட்டே வேண்டாம். கூசேயின் கையை எந்தப் பூட்டும் தடுக்காது. அவனிடமிருந்து பழையதையும் பிடுங்கச் சொல்லித் தலைவரிடம் அவள் மன்றாட வேண்டும். துப்பாக்கி மாறினால் ஓர் உயிர் பிழைக்கும் என்றால், அது ஒரிதோவின் கையில்தான். பரிசு நல்லவனுக்கு, மருந்து நோயாளிக்கு. தம்பியைக் கொன்றவனைப் போன்ற ஒருவனிடம்தான் சிசுரு ஆறு வருட உழைப்பை நீட்ட வேண்டும். வலிக்கத்தான் செய்யும். ஆனால் அவள் அதைச் செய்ததே அவனைப் போன்றவனுக்காகத்தான்.