ஓடையா, வாய்க்காலா

அளகேசனுக்கு அன்று காலையும் தியானம் கூடவில்லை. கண்ணை மூடினால் வாய்க்கால் வந்தது. திறந்தால் ஓடை வந்தது.

மடத்துக்கு வருமுன் அவர் நில அளவை வேலையில் இருந்தவர். அளவுச் சங்கிலி இழுத்தே பாதி ஆயுள் போயிற்று. எந்த இடத்தைப் பார்த்தாலும் அது என்ன வகை என்று தெரிந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். குன்றா கரடா, குளமா குட்டையா, தானாக உண்டானதா மனிதன் உண்டாக்கியதா. தலையை மழித்துக் காவி கட்டியாயிற்று. ஆனாலும் இந்தப் பழக்கம் மட்டும் ஒட்டுப்புல் மாதிரி கூடவே வந்துவிட்டது.

குரு மெய்யம்மை அவரைவிட வயதில் இளையவர். அதிகம் பேசமாட்டார். அன்று கொட்டகையில் உட்கார்ந்து கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். அளகேசன் அவர் முன்னால் வந்து நின்றார், நடந்தார், மறுபடி வந்து நின்றார்.

"உட்காருங்க" என்றார் குரு.

அளகேசன் உட்கார்ந்தார். உட்கார்ந்தவுடன் அவருடைய வலது முழங்கால் ஆட ஆரம்பித்தது.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"தெரியுது."

"இயற்கை எது, செயற்கை எதுன்னு எதை வச்சுப் பிரிக்கிறது?"

"நேத்தும் இதைத்தானே கேட்டீங்க?"

"நேத்து நீங்க பதில் சொல்லலையே அம்மா. நாளைக்கு அமாவாசை. ரெண்டு ஊரும் சுனைப்பக்கம் வந்து உட்கார்ந்திடும்."

விஷயம் இதுதான். மலைமேல் ஒரு சுனை. அதிலிருந்து இறங்கும் தண்ணீர் முதலில் மேலக்கரையைத் தொட்டு, மடத்தை ஒட்டி வந்து, கடைசியில் கீழக்காட்டுக்குப் போகிறது. இரண்டு வருடமாக மழை பொய்த்துவிட்டது. மேலக்கரைக்காரர்கள் அந்தத் தண்ணீரை மறித்துத் தங்கள் குளத்துக்குள் திருப்பப் பார்த்தார்கள். எங்கள் பாட்டன்கள் வெட்டிய வாய்க்கால் இது என்றார்கள். கீழக்காட்டுக்காரர்களோ, இது ஆதியிலிருந்தே ஓடுகிற ஓடை என்றார்கள்.

அந்தப் பக்கத்து வழக்கத்தில் எல்லாம் இந்தப் பெயரில்தான் இருந்தது. வெட்டியதை வெட்டிய ஊர் அடைத்துக்கொள்ளலாம். தானாக ஓடுவதை ஒருவரும் மறிக்கக் கூடாது. எது எதுவென்பதை இரண்டு ஊரும் ஒப்புக்கொண்ட ஒருவர் அமாவாசையன்று சுனையருகே சொல்வார். சொன்னபின் அதை யாரும் மாற்ற முடியாது.

மேலக்கரை அளகேசன் பெயரைச் சொன்னது. நிலம் அளந்தவர், அவருக்குத் தெரியாததா என்றது. காவி கட்டியவர் பொய் சொல்லமாட்டார் என்று கீழக்காடும் தலையாட்டிவிட்டது. அன்று பிடித்தது அவருக்குச் சனி.

"மேலேயிருந்து கீழே வரைக்கும் நடந்து பார்த்துட்டேன் அம்மா" என்றார் அளகேசன். "சுனைகிட்ட பாறைக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு வருது. அது ஓடை, சந்தேகமே இல்லை. மேலக்கரையைத் தாண்டினா நூல் பிடிச்ச மாதிரி நேரா வருது. ரெண்டு பக்கமும் உளி பட்ட தடம். அது வாய்க்கால், அதுலயும் சந்தேகமில்லை. இந்தப் பக்கம் வந்தா கரை சரிஞ்சு, தாழம்புதர் மண்டி, மறுபடி அது இஷ்டத்துக்கு வளைஞ்சு போகுது. ஒரே தண்ணி. எந்த இடத்துல கோடு போடுவேன்?"

குரு முறத்தைக் கீழே வைத்தார். எழுந்து போய், ஒரு கொட்டாங்குச்சியில் சுண்ணாம்பும் இன்னொன்றில் காவியும் கரைத்து எடுத்து வந்தார்.

"மடத்து எல்லைக்குள்ள இருக்கிறதை முதல்ல பிரிங்க. தானா வந்ததுக்கு வெள்ளை. மனுஷன் பண்ணினதுக்குக் காவி."

அளகேசனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. இது அவருக்குத் தெரிந்த வேலை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

யானை படுத்தாற்போலக் கிடந்த பாறைக்கு வெள்ளை. அதில் வெட்டியிருந்த படிக்குக் காவி. குட்டைக்குக் காவி. சமையல்கட்டுக்குப் பின்னால் பனைமரம் நின்ற மேட்டுக்கு வெள்ளை.

"அந்த மேடு குட்டை தோண்டின மண்ணு" என்று குரு உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார். "எங்க குரு காலத்துல கொட்டினது."

அளகேசன் வெள்ளையின்மேல் காவியை இழுத்தார். பிறகு பனைமரத்தைப் பார்த்தார். அது யாரும் நட்டது இல்லை. அதன் அடியில் கொஞ்சம் வெள்ளை வைத்தார்.

படிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம். மழைத்தண்ணீர் அரித்தது. வெள்ளை வைக்கப் போனவர் நின்றார். படி இருந்ததால்தானே தண்ணீர் அந்தப் பக்கம் பாய்ந்தது? காவியும் வைத்தார். ஒற்றையடிப் பாதையிடம் வந்தபோது அவருக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. அதை யாரும் போடவில்லை. எல்லோரும் நடந்தார்கள், அது உண்டாயிற்று.

வெயில் உச்சிக்கு ஏறியபோது மடத்து நிலம் முழுக்கக் கோயில் மதில் மாதிரி வெள்ளையும் காவியுமாக நின்றது. அளகேசனின் வேட்டியும் அப்படியே.

"முடிஞ்சுதா?"

"விளையாடறீங்களா அம்மா?" அளகேசனுக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்கு உள்ளே தீப்பிடிச்சு எரியுது. நீங்க என்னைக் கோலம் போட விட்டுட்டீங்க."

குரு கோபித்துக்கொள்ளவில்லை. "சாப்பிட்டுட்டு வாங்க. இன்னைக்குத் தியானம் வேற இடத்துல" என்றார்.

அளகேசன் இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது இறங்கவில்லை.

மடத்துக்குக் கீழே, இரண்டு பாறைகளுக்கு நடுவே தண்ணீர் ஒடுங்கிப் போகும் இடம் ஒன்று உண்டு. ஓர் ஆள் சம்மணம் போட்டால் சரியாக அடைபடும் அகலம். கணுக்கால் அளவுக்குத்தான் தண்ணீர். குரு அந்த இடத்தைக் காட்டினார்.

"அங்கே உட்காருங்க."

"தண்ணியிலயா?"

"கரைமேல நடந்து பார்த்து ஒண்ணும் தெரியலைன்னீங்களே."

குரு போய்விட்டார். அளகேசன் மேலே பார்த்தபடி நின்றார். பிறகு முணுமுணுத்துக்கொண்டே இறங்கி உட்கார்ந்தார்.

தண்ணீர் சில்லென்று இருந்தது. முதலில் நன்றாகவே இருந்தது. ஆனால் அவர் மனம் எங்கே சும்மா இருக்கிறது? இடப்பக்கப் பாறை வழவழப்பாக இருந்தது. தண்ணீர் தேய்த்தது, ஆகவே ஓடை. வலப்பக்கப் பாறையில் ஒரு கோடு. உளிக் கோடாக இருக்கலாம், ஆகவே வாய்க்கால். விரலால் தடவினார். வெடிப்பாகவும் இருக்கலாம். முதுகுக்குப் பின்னால் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. இடுப்புக்கு வந்தது. பக்கவாட்டில் வழிந்து முள்ளுக்காட்டுக்குள் போய்க் காணாமல் போனது. அவர் அதைக் கவனிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உளியா வெடிப்பா என்பதிலேயே இருந்தார்.

வெகுநேரம் கழித்துக் கீழே பேச்சுக்குரல் கேட்டது. கண்ணைத் திறக்காமல் காதைக் கொடுத்தார்.

"சாமி தவம் பண்ணுது."

"எழுப்பலாமா?"

"ஐயோ, பாவம் வந்து சேரும். சும்மா இரு."

பிறகு ஒரு குடத்தைக் கல்லில் வைக்கும் ஓசை. இன்னொரு குடம். அவர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார்.

கீழக்காட்டுப் பெண்கள் நாலைந்து பேர் நின்றார்கள். அவருக்குக் கீழே தண்ணீர்த்தடம் ஈரம் காயத் தொடங்கியிருந்தது. முன்னால் நின்றவளை அவருக்குத் தெரியும். உண்ணாமலை. மடத்துக்கு மோர் கொண்டு வந்து கொடுப்பவள்.

அவர் கண்ணைத் திறந்ததும் அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "சாமி மன்னிக்கணும். வீட்டுல கன்னு போட்ட மாடு நிக்குது. மத்தியானத்திலேருந்து தண்ணி காட்டலை. நீங்க எப்ப எந்திரிப்பீங்க?"

இந்த இடத்தில் வேறு எந்த மனிதனும் எழுந்திருப்பான். அளகேசன் அளந்து பழகியவர். உட்கார்ந்தபடியே கேட்டார்:

"ஏம்மா, உங்க ஊர்ப் பெரியவங்க இதை ஓடைன்னு சொல்றாங்களே, அதுக்கு ஏதாவது அடையாளம் சொன்னாங்களா?"

உண்ணாமலை திகைத்துப் போய்த் தன்கூட வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்:

"மாடு கத்துது சாமி."

அளகேசன் எழுந்தார். எழுந்த வேகத்தில் வழுக்கி, பாறையைப் பிடித்து நின்றார். பின்னால் தேங்கியிருந்த தண்ணீர் அவர் கால்களுக்கிடையில் பாய்ந்து இறங்கியது. பெண்கள் குடங்களோடு குனிந்தார்கள். ஒருத்தியும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலாம் என்று இருந்தது அவருக்கு.

சொட்டச் சொட்ட மடத்துக்கு ஏறி வந்தார். குரு கொட்டகையில் அதே இடத்தில் இருந்தார்.

"தெரிஞ்சே என்னை அங்கே உட்கார வச்சீங்க."

"ஆமா."

"அவங்க தண்ணி எடுக்க வர்ற நேரம்னு தெரியும்."

"தெரியும்."

"நான் தண்ணியை அடைச்சுட்டு உட்கார்ந்திருந்தேன் அம்மா."

"அந்த அடைப்பு எந்த வகை?" என்று கேட்டார் குரு. "வெள்ளையா, காவியா?"

அளகேசனைப் பெற்றது ஒரு தாய், அப்படியானால் வெள்ளை. அங்கே உட்கார்ந்தது அவராகவே, அப்படியானால் காவி. இரண்டு கொட்டாங்குச்சியும் காய்ந்துபோய் ஓரத்தில் கிடந்தன. அவர் எதையும் எடுக்கவில்லை. தரையில் உட்கார்ந்தார்.

தரையைப் பார்த்தபடியே சொன்னார்: "வாய்க்கால்னு சொல்லிடலாம்னுதான் இருந்தேன்."

குரு அவர் பக்கம் திரும்பினார்.

"உளிக்கோடு ஒண்ணே ஒண்ணு உறுதியா கிடைச்சா போதும். மனசாட்சிக்கும் பதில் சொன்ன மாதிரி ஆயிடும். அதைத்தான் தேடிட்டிருந்தேன். மேலக்கரைத் தலைவர் தருமலிங்கம் என் சம்பந்தி. அது தெரிஞ்சும் காவியை நம்பிக் கீழக்காடு ஒத்துக்கிச்சு. என் மகள் வடிவு அந்த வீட்டுலதான் வாழறா. ஓடைன்னு நான் சொன்னா, அவளைப் பேச்சால குத்திக் குத்தியே கொன்னுடுவாங்க. எனக்குப் பயமா இருக்கு அம்மா."

இந்தப் பயத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. காவி கட்டியவனுக்கு மகள் ஏது என்று கேட்டுவிடுவார்கள் என்று பயந்திருந்தார். குரு அப்படிக் கேட்கவில்லை.

"இத்தனை நாளா இந்தப் பயத்துக்குத்தான் ஓடை, வாய்க்கால்னு பேர் வச்சிருந்தீங்களா?"

அளகேசனின் ஈர வேட்டியிலிருந்து சுண்ணாம்பும் காவியும் கலந்து தரையில் ஒழுகிக்கொண்டிருந்தது.

"தண்ணியை மறிக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும்" என்றார் அவர். "முதல் நாளே தெரியும். ஆனா நாளைக்கு நான் அப்படிச் சொல்லி, அதனால அவளுக்கு ஒண்ணு ஆயிட்டா?"

"ஆகலாம்" என்றார் குரு.

அளகேசன் நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் ஆகாது என்று குரு சொல்வார் என்று நினைத்திருந்தார்.

"ஆகலாம். அதனால மகளுக்காக நிக்கணும்னா, மகள் பக்கத்துல போய் நில்லுங்க. தண்ணிக்குக் குறுக்கே உட்காராதீங்க."